மறு: 'புயல்நீர்' வேண்டாம், வேறு சொல் தாருங்கள் (வெள்ளிக்குள்)

மர்ஃபி டவுனிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். பெங்களூர் அல்சூர் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களுக்குத் தமிழில் ஒரு துண்டறிக்கை அடிக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. விஷயம் இதுதான்: வீட்டுக் கழிவுநீர் குழாய்வழி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது (போக வேண்டும்!). தெருவோர மோரியில் (வடிகாலில்) விழுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ராஜகாலுவே என்ற பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குப் போகிறது. மழை தெருவை அலம்பிக்கொண்டு வருகிறதே, அந்தத் தண்ணீருக்கு என்ன பெயர்? ஆங்கில 'ஸ்டார்ம்வாட்டர்' (stormwater) என்பதைக் கணினி 'புயல்நீர்' என்று தந்தது, ஏதோ நாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த மாதிரி. 'மழைநீர் மாசு' என்று போட்டேன். பக்கத்து வீட்டு அம்மா படித்துவிட்டு, "மழையே கெட்டுப்போச்சா டீச்சர்? அப்போ மாடியில பிடிக்கக் கூடாதா?" என்கிறார். மழைநீர் சேமிக்கச் சொல்லித் தொண்டை வற்றியது வீண்.

ஜெயநகரிலிருந்து:

டீச்சரம்மா, புயலைக் கேலி செய்யாதீர்கள். 'ஏரின் உழாஅர் உழவர் புயல்என்னும் வாரி வளங்குன்றிக் கால்' (குறள் 14). அங்கே புயல் மழைதான், சூறாவளி அல்ல. அல்சூர் ஏரிக்கரையில் சிலையாக 18 ஆண்டு மூடிக்கிடந்து 2009-இல் திறக்கப்பட்ட வள்ளுவரே சொல்லியிருக்கிறார். ஆனால் என் பரிந்துரை 'பெயல்நீர்' (பெயல் என்றால் மழை). குறுந்தொகை 40, செம்புலப் பெயல்நீர். விழுந்த மண்ணின் நிறத்தை நீர் எடுத்துக்கொள்கிறது, பிறகு பிரிக்க முடியாது. இதைவிடத் துல்லியமாக எந்தப் பொறியாளர் சொல்லிவிட்டார்?

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

புலவர் ஐயா, அங்கே கலந்தது அன்புடை நெஞ்சம். இங்கே கலப்பது மெக்கானிக் ஷெட் ஆயிலும் சிமென்ட் கழுவிய தண்ணீரும். அதை விடுங்கள். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. மார்ச்சில் பெங்களூரில் ஏது மழை? மழையே இல்லாமல் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடுகிறதென்றால் அது சாக்கடை. ஆகவே மழை, பெயல், புயல் எதுவும் பெயரில் வரக் கூடாது என்பது என் கட்சி. 'ஓடுநீர்' போதும்.

ஜெயநகரிலிருந்து:

ஓடுநீர் காவிரிக்கும் பொருந்தும். அப்புறம், ராஜகாலுவே என்று ஏன் எழுத வேண்டும்? காலுவே நம் கால்வாய்க்கு உடன்பிறப்பு. வாய்க்கால், வடிகால், கால்வாய் எல்லாவற்றிலும் கால் நிற்கிறது. 'கால்' வினையானால் உமிழ்தல் என்றும் பொருள், ஏரிக்குள் உமிழ்வதால் இன்னும் பொருத்தம். 'அரசகால்' எனலாம்.

சிவாஜிநகரிலிருந்து:

அரசகால் என்றால் ராஜாவுக்கு யானைக்கால் என்று நினைப்பார்கள் ஐயா. இங்கே தமிழனும் ராஜகாலுவே என்றுதான் சொல்கிறான், மாற்றினால் வழி தெரியாமல் போய்விடும்.

அமெரிக்காவில் 1999-இல் சிறிய நகரங்களுக்கும் இந்தத் தெருவோர மழைத் தண்ணீருக்கென விதி கொண்டுவந்தார்கள். செய்ய வேண்டியவை ஆறு. முதல் இரண்டும் குழாய் பற்றியவை அல்ல: மக்களுக்குச் சொல்வது, மக்களைச் சேர்த்துக்கொள்வது. அங்கே பல ஊர்களில் தொண்டர்களே வடிகால் வாயருகே மீன் படம் வரைந்து, 'இது ஏரிக்குப் போகிறது' என்று எழுதுகிறார்கள். கலைச்சொல் தேவைப்படவில்லை. நாமும் மோரியின் கல்பலகையில் ஒரு மீன் வரையலாமே.

மர்ஃபி டவுனிலிருந்து:

இன்று எட்டாம் வகுப்பில் மூன்று சொல்லையும் பலகையில் எழுதிக் கேட்டேன். பெயல்நீர்: "பெயிலானவங்க தண்ணியா டீச்சர்?" ஓடுநீர்: "ஓட்டு வீட்டுத் தண்ணி." புயல்நீருக்கு யாரும் வாய் திறக்கவில்லை. மோரித் தண்ணீர் எங்கே போகிறது என்றதற்கு, பாதிப் பேர் "மெஷின்ல சுத்தம் பண்ணுவாங்க" என்றார்கள். ஏரியில் தூண்டில் போடும் ஒரு பையன் மட்டும், "எங்க மோரியில போன வாரம் நீல பெயின்ட் ஊத்துனாங்க, ஏரி வாயில நீலமா வந்துச்சு" என்றான். எனக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது:

மோரியில் விட்டது ஏரியில்.

உள்ளே 'தெருநீர்' என்று போடுகிறேன். யாருக்கும் பிடிக்கவில்லை, யாருக்கும் புரியாமலும் இல்லை.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

சரி, தெருநீருக்கு என் ஓட்டு. களைத்துவிட்டேன். மீன் வரைய ஞாயிறு காலை வருகிறேன், தூரிகையை மோரியில் கழுவ மாட்டேன்.

சிவாஜிநகரிலிருந்து:

எனக்கும் சம்மதம். வேறு வழி?

ஜெயநகரிலிருந்து:

மோரி எந்த நிகண்டில் இருக்கிறது? தெருநீர் என்றால் தெருக்குழாயில் பிடிக்கும் நீர் என்றும் கொள்ளலாமே. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பெயல்நீர் பற்றித் தனி மடல் எழுதுகிறேன். துண்டறிக்கை 20 படி எனக்கு அனுப்புங்கள் அம்மா, எதிர் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், காலையிலிருந்து டின் டின்னாக மோரியில்தான் கழுவுகிறார்கள்.