புதுப்பிப்பு: கரி கிரில் சிக்கனும் தெர்மாமீட்டரும்

வெளியே கருகி, எலும்போரம் சிவப்பாகவே நிற்கும் கிரில் சிக்கனுக்கு என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கச் சொன்னீர்கள். வாங்கியாச்சு.

வந்ததும் டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், கொஞ்சம் தண்ணீர், அதில் நுனியை விட்டுப் பார்த்தேன். சரியான கருவி 0 டிகிரி காட்ட வேண்டும். 0.3 காட்டியது, போதும். (கொதிநீரில் சோதிக்கும் ஊட்டிக்காரர்களுக்கு, மலை உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால், 100 வராது, 93 பக்கம்தான் வரும். கருவியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்!)

சென்சார் ஊசியின் நுனியில்தான் இருக்கிறது. தடித்த இடத்தில் பக்கவாட்டில் குத்தி, எலும்பில் படாமல், மெல்ல வெளியே இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க எண் மாறும். அதில் ஆகக் குறைந்ததுதான் கணக்கு. கோழிக்கு 74 டிகிரி. நெஞ்சுக்கறியை அங்கேயே இறக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் சக்கைதான். தொடையை 80 தாண்ட விட்டால் சவ்வெல்லாம் கரைந்து மெத்தென்று வருகிறது.

அந்தச் சிவப்பு? 78-லும் அப்படியே இருந்தது! இளங்கோழி எலும்பின் மஜ்ஜை நிறம் கசிவதுதான் அது. நிறத்தைப் பார்த்து வேகவில்லை என்று சொல்ல முடியாது. எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

ஆட்டுக் கொத்துக்கறி கபாப் பற்றிக் கேட்டவருக்கு: 71 டிகிரி. ஒவ்வொரு முறை குத்தியதும் ஊசியைச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள், பச்சைக்கறிச் சாறு வெந்த கறிக்குப் போகக் கூடாது. கறியில் குத்தியபடியே அடுப்பில் விட்டுவிடாதீர்கள், இந்த வகையில் பிளாஸ்டிக் தலை உருகிவிடும்.