ஸ்கிரீன்ல ஒரு முகம், பேப்பர்ல ஒரு முகம்: உங்க பிரிண்ட் அனுபவம்?

அப்பா இறந்து ஒரு வாரம். சட்டம் போட்டு மாட்ட அவரோட போட்டோவை ஏ4 கிளாஸி பேப்பர்ல பிரிண்ட் எடுத்தேன். ஸ்கிரீன்ல கண்ணுக்குக் கீழ சுருக்கம், ரெண்டு நாள் தாடியில நரை, எல்லாம் தெளிவா இருந்துச்சு. பேப்பர்ல கண்ணு இருக்கிற இடம் ரெண்டு இருட்டுக் குழி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளுப்பாக்கினா சட்டை வெளிறிப் போகுது. நாலு ஷீட் போச்சு. காலையில அம்மா, நான் ஒதுக்கிப்போட்ட முதல் ஷீட்டை எடுத்துக்கிட்டு ஜன்னல்கிட்ட போய் நின்னாங்க. "இங்க வந்து பாருடா, அப்பா நல்லாத்தானே இருக்கார்." போய்ப் பார்த்தேன், கண்ணு தெரிஞ்சுது. உள்ள டியூப் லைட் கீழ கொண்டுவந்தேன், மறைஞ்சுது. எல்லாம் வெளிச்சம்தான் போல. அந்த ஜன்னல் இன்னும் மனசை விட்டுப் போகல.

*

எனக்கு இருட்டு இல்ல, சிவப்பு. நிறத்தை போட்டோஷாப்பே பார்த்துக்கட்டும்னு 'போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' வச்சுட்டு, பிரிண்டர் டிரைவர்ல கலர் கரெக்‌ஷனை அணைக்காம விட்டுட்டேன். ஒரே படத்தை போட்டோஷாப்பும் டிரைவரும் ஆளுக்கொரு தடவை திருத்தினதுல குழந்தை முகம் ஜுரம் கண்ட மாதிரி சிவந்து வந்துச்சு. டிரைவர்ல அதை அணைச்சதும் அடுத்த ஷீட்டே சரி. ஆனா பாட்டி அந்தச் சிவந்த படத்தைத்தான் பீரோக் கதவுல ஒட்டி வச்சிருக்காங்க. மாத்தித் தரேன்னாலும் விடமாட்டேங்கிறாங்க.

*

முதலில் எழுதியவர் வெளிச்சத்தின் மேல் பழி போடுகிறார், அதை ஏற்க முடியவில்லை. ஜன்னலருகே கண் தெரிந்தது என்றால் மை தாளில் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. ஏமாற்றியது மானிட்டர். எனக்கும் ஒரு கல்யாணப் படத்தில் இதே கதைதான், அதை விடுங்கள்.

புது மானிட்டர் பல, சதுர மீட்டருக்கு 250 கேண்டெலா (திரை வெளிச்சத்தின் அளவு), அதற்கு மேலும் எரியும். பிரிண்ட்டுக்காக வேலை செய்பவர்கள் 80 முதல் 120க்குள் வைத்துக்கொள்வார்கள். தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது; அறையில் விழுவதைத்தான் திருப்பித் தரும். திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கலரிமீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் நீங்கள் பிரிண்ட் போடும் அதே தாளைப் பிடித்து, இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். முதல் இரண்டு நாள் திரை அழுது வடியும். பிறகு கண் பழகிவிடும்.

அடுத்து, அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் ஐசிசி புரொஃபைல் ஃபைலைத் தாள் கம்பெனி தரும்; அதைப் போட்டு சாஃப்ட் புரூஃப், அதாவது பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே, பாருங்கள். போட்டோஷாப்பில் கன்ட்ரோல் ஒய். 'சிமுலேட் பேப்பர் கலர்' டிக் போடும்போது படம் சட்டென்று செத்துப்போன மாதிரி ஆகும். அந்த நொடி வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்புங்கள், அப்போதுதான் சரியாக எடைபோட முடியும். பிரிண்ட் போட்டவுடன் நிறத்தைக் குறை சொல்லாதீர்கள். டை இங்க் (சாய மை) காய ஒரு நாளாவது விடுங்கள்.

*

ராத்திரி எடிட் பண்ணின படமெல்லாம் எனக்கு நீலம் பூத்து வந்துச்சு. ராத்திரியில திரையை மஞ்சளாக்கற நைட் லைட் ஆன்ல இருந்திருக்கு. அந்த மஞ்சளைத் திருத்தறேன்னு நீலத்தை ஏத்திக்கிட்டே இருந்திருக்கேன்.

*

கலரிமீட்டர், புரொஃபைல், எல்லாம் வைத்திருக்கிறேன் ஐயா. மீன்கொத்திப் படம், முதுகில் அந்தப் பளீர் நீலம் மட்டும் தாளில் வரவே இல்லை. பிரிண்டரால் தர முடியாத நிறத்தைச் சாம்பலாகக் காட்டும் 'கேமட் வார்னிங்' போட்டுப் பார்த்தேன்: கொம்பு, தண்ணீர், அலகு எல்லாம் அப்படியே இருக்க, பறவையின் முதுகு மட்டும் மொத்தமாகச் சாம்பலாகிவிட்டது. என் பிரிண்டரின் மையால் அந்த நீலத்தைத் தொடவே முடியாதாம். மூன்று மணி நேரம் சேற்றில் நின்று எடுத்த படம். பிரைட்னஸைக் குறைத்தால் இது தீராது, அதைத்தான் மேலே நீளமாக எழுதியவருக்குச் சொல்ல வந்தேன்.

*

முதல்ல எழுதினவன்தான். பிரைட்னஸ் 100ல இருந்துச்சு, பேப்பரைப் பிடிச்சுப் பார்த்துக் குறைச்சேன், 28ல வந்து நின்னுச்சு. அப்பாவோட பழைய ஃபைலைத் திறந்தா, ஸ்கிரீன்லயே கண்ணு ரெண்டும் குழி. நிழலை மட்டும் தூக்கிவிட்டுப் பிரிண்ட் போட்டு ஒரு நாள் காயவச்சேன். நேத்து ராத்திரி அம்மா கையில கொடுத்தேன். ஜன்னல்கிட்ட போகல. டியூப் லைட் கீழயே உக்காந்து ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.