டெக்சாஸ் கிராமத்து கவுன்டில வீடு கட்ட பெர்மிட்டே வேணாமாம், நம்பலாமா?

கரிசக்காட்டான்:
வணக்கம் மக்களே. டாலஸ்ல இருந்து தென்கிழக்கா ஒன்றரை மணி நேரம் தள்ளி 3 ஏக்கர் பார்த்து வச்சிருக்கோம். எந்த சிட்டி எல்லைக்குள்ளயும் வராது, சுத்தி மாடு மேயுது, ஒரு சர்ச், ஒரு பெட்ரோல் பங்க், அவ்வளவுதான். 1800 சதுர அடில சின்னதா ஒரு வீடு கட்டி, ரிட்டயர் ஆனப்புறம் வெண்டை, முருங்கைன்னு நாலு செடி வச்சுக்கலாம்னு ஆசை.

பில்டிங் பெர்மிட்டுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆபீசுக்கு போன் போட்டா அந்தம்மா சிரிக்குது. நாங்க அதெல்லாம் குடுக்கறதே இல்ல, செப்டிக்குக்கு மட்டும் வாங்கன்னு வச்சிட்டாங்க. வீட்டுக்காரி நம்பவே மாட்டேங்குறா. எங்கப்பா கோவில்பட்டி பக்கம் வீடு கட்டுனப்போ பிளான் அப்ரூவலுக்கு நடந்தே செருப்பு தேஞ்சாரு, இங்க இப்ப இருக்கிற வீட்டுல பின்னாடி ஒரு கூரை போடவே சிட்டில பெர்மிட் வாங்கினேன், இங்கிட்டு முழு வீட்டுக்கே ஒண்ணும் வேணாம்னா எப்படிங்க? ஏஜென்ட் வேற "நோ ரெஸ்ட்ரிக்ஷன், என்ன வேணா கட்டிக்கலாம்"னு குதிக்கிறாரு. ஆப்ஷன் பீரியட், அதாவது வேணாம்னா டீலை விட்டு விலகிக்கற அவகாசம், 10 நாள்தான் இருக்கு.

பழைய_டிராக்டர்:
அந்தம்மா சொன்னது நெசம்தான் தம்பி. இங்க கவுன்டிக்குன்னு தனி அதிகாரம் கிடையாது, ஆஸ்டின்ல உக்காந்து சட்டமன்றம் எதை எழுதி குடுத்துச்சோ அது மட்டும்தான். பொதுவா ஜோனிங், அதாவது எந்த இடத்துல என்ன கட்டலாம்ங்கிற கட்டுப்பாடு, அதுல இல்ல. ஆனா பக்கத்து சிட்டியோட ஈ.டி.ஜே.க்குள்ள நிலம் வருதான்னு பாத்துக்கோங்க, எல்லைக்கு வெளியேயும் கொஞ்ச தூரம் சிட்டிக்கு பிடி உண்டு.

உங்களுக்கு நிஜமான பெர்மிட் செப்டிக்தான். சைட் இவேல்யுவேட்டர் வந்து குழி தோண்டி மண்ணைப் பாப்பாரு, அதை வச்சு டிசைன் போட்டு, கவுன்டில பணம் கட்டி, பெர்மிட் வந்தப்புறம்தான் டேங்கை இறக்கணும், மூடறதுக்கு முன்னாடி இன்ஸ்பெக்ஷன். களிமண்ணா இருந்தா சாதா டிரெயின்ஃபீல்டு (கழிவுத் தண்ணி மண்ணுக்குள்ள இறங்கற இடம்) விடமாட்டாங்க, பெரும்பாலும் ஏரோபிக் சிஸ்டம்தான், தண்ணிய சுத்தம் பண்ணி ஸ்பிரிங்ளர்ல புல்லுக்கு அடிக்கும். முதல் 2 வருஷம் மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் அதோடயே வரும், 4 மாசத்துக்கு ஒருக்க ஆள் வந்து பாத்து கவுன்டிக்கு ரிப்போர்ட் அனுப்பணும். எனக்கு 2021ல 11 ஆயிரத்து சொச்சம் டாலர் ஆச்சு, இப்ப கூடத்தான் இருக்கும். 10 ஏக்கர்ல ஒத்த வீடு, செப்டிக் எல்லா பக்கமும் எல்லைல இருந்து 100 அடி தள்ளின்னா பெர்மிட்டே வேணாம்னு ஒரு விலக்கு இருக்கு, அதையும் சில கவுன்டி ஒத்துக்காது, உங்க 3 ஏக்கருக்கு அந்தப் பேச்சே இல்ல.

போர் போடப் போறீங்கன்னா செப்டிக் டேங்க்ல இருந்து 50 அடியும் டிரெயின்ஃபீல்டுல இருந்து பொதுவா 100 அடியும் தள்ளி இருக்கணும். முதல்ல பேப்பர்ல வரைஞ்சு பாருங்க, வீடு, போர், செப்டிக், டிரைவ்வே எல்லாம் போட்டா 3 ஏக்கர் நினைச்ச அளவு பெருசில்ல.

முருங்கை வேணாம். 2021 பிப்ரவரி ஐஸ்ல என்னோடது ஆறும் போயிருச்சு.

பனங்கிழங்கு:
நான் கொஞ்ச வருஷம் டைட்டில் கம்பெனில (நிலத்தோட பத்திர வரலாறு பாக்கறவங்க) வேலை பாத்தவ, அதனால கேக்கறேன், அந்த 3 ஏக்கர் எப்படி 3 ஏக்கர் ஆச்சு? பெரிய நிலத்துல இருந்து பிரிச்சதா? பிளாட் (plat, நிலத்தை துண்டு பிரிச்சதுக்கான வரைபடம்) ஃபைல் பண்ணி இருக்கா?

இதைத்தான் யாரும் கேக்க மாட்டாங்க. சிட்டிக்கு வெளிய இருக்கிற நிலத்தை துண்டு போட்டா பொதுவா சர்வே பண்ணி, பிளாட் வரைஞ்சு, கமிஷனர்ஸ் கோர்ட்ல (கவுன்டியை நடத்தற குழு, நீதிமன்றம் இல்ல) அப்ரூவ் வாங்கணும். எல்லா துண்டும் 10 ஏக்கருக்கு மேல, புதுசா ரோடும் போடலன்னா விலக்கு. நெருங்குன சொந்தத்துக்கு பிரிச்சு குடுத்தாலும் விலக்கு, ஆனா அந்தத் துண்டு வெளியாள் கைக்கு போனா பிளாட் விதி வந்துரும். விவசாயி காசுக்கு முடையா இருக்கும்போது ரோட்டோரத்துல வெறும் அளவை எழுதி 3 ஏக்கர் 5 ஏக்கரா வித்துட்டுப் போயிருவாரு. பத்திரம் பதிவாகும், கிளார்க் ஆபீஸ் ஒண்ணும் சொல்லாது. அப்புறம் நீங்க செப்டிக்குக்கு போய் நிப்பீங்க, பிளாட் எங்கன்னு கேப்பாங்க. நம்மூர்ல அன்அப்ரூவ்டு மனை வாங்கிட்டு டிடிசிபி நம்பர் இல்லாம முழிப்போமே, அதே கதைதான், மாடு மட்டும் கொஞ்சம் பெருசு.

பழைய பத்திரத்துல இருந்து இப்ப வரைக்கும் யார் எப்ப பிரிச்சாங்கன்னு டைட்டில் கம்பெனிகிட்ட கேளுங்க. கவுன்டிலயும் "பெர்மிட் வேணுமா"ன்னு கேக்காதீங்க, அந்த ப்ராப்பர்ட்டி ஐடிய குடுத்து "இதுக்கு செப்டிக் அப்ளிகேஷன் எடுத்துப்பீங்களா"ன்னு கேளுங்க.

கல்வெர்ட்_குமாரு:
நம்ம அனுபவம். டிரைவ்வே போட ஆளைக் கூட்டிட்டு வந்துட்டேன், பள்ளத்துல பைப்பும் இறக்கியாச்சு, அப்புறம்தான் தெரிஞ்சது அது எஃப்.எம். ரோடு, அதாவது ஃபார்ம் டு மார்க்கெட், அது கவுன்டியோடது இல்ல மாநிலத்தோடது, டெக்ஸ்டாட்ல (மாநில ரோடு துறை) டிரைவ்வே பெர்மிட் வாங்கணும். தோண்டி எடுத்து பெரிய பைப் போட்டேன் 😭 கவுன்டி ரோடுன்னா கல்வெர்ட் (டிரைவ்வேக்கு அடில பள்ளத்துல போடற பைப்) அளவை அவங்ககிட்ட கேட்டுட்டு போடுங்க.

அப்புறம் ஃபீமா மேப், அதாவது மத்திய அரசோட வெள்ள அபாய மேப். ஓடை ஓரம்னா ஃப்ளட்பிளைன் (வெள்ளம் வர்ற இடம்) பெர்மிட் தனி, அதை எந்தக் கிராமத்து கவுன்டியும் லேசுல விடாது, ஏன்னா விட்டா கவுன்டி முழுக்க ஃப்ளட் இன்சூரன்ஸுக்கு வேட்டு. வெயில்ல போய் பாத்தா ஓடைன்னே தெரியாது, நான் அதை ஆட்டுப்பாதைன்னு நினைச்சேன்.

கரிசக்காட்டான்:
பயமுறுத்துறீங்களே எல்லாரும். மண்ணு கன்னங்கரேல்னு எங்க ஊரு கரிசல் மாதிரியே இருக்கு, ஆகஸ்ட்ல போனப்போ கை நுழையற அளவு வெடிப்பு. அதைப் பாத்துத்தான் மயங்கினேன்னு வச்சுக்கோங்களேன்.

ஸ்லாப்_சித்தர்:
மயங்க வேண்டிய மண் இல்லைங்க அது. மழைக்கு ஊதும், வெயிலுக்கு சுருங்கும், வீட்டையும் சேத்து தூக்கி இறக்கும். பெர்மிட் இல்லைன்னா இன்ஸ்பெக்டரும் இல்ல, அதான் எனக்கு கவலை. 2009ல ஒரு சட்டம் வந்துச்சு, கவுன்டி தீர்மானம் போட்டா புது வீட்டுக்கு பில்டர் கான்கிரீட்டுக்கு முன்னாடி, ஃப்ரேமிங் முடிஞ்சதும், கடைசில ஒண்ணுன்னு 3 இன்ஸ்பெக்ஷன் செஞ்சு காட்டணும். எல்லா கவுன்டியும் எடுக்கல. உங்களுது எடுக்கலன்னா நீங்களே காசு குடுத்து ஒரு இன்ஸ்பெக்டரை வைங்க, மண் டெஸ்ட் பண்ணி, ஸ்லாப் (வீட்டுக்கு அடித்தளமா போடற கான்கிரீட்) டிசைனுக்கு இன்ஜினியர் சீல் வாங்குங்க. கட்டுமானக் கடன்னா பேங்கே ஆள் அனுப்பும், ஆனா அவரு வர்றது எவ்வளவு வேலை முடிஞ்சிருக்கு, எவ்வளவு பணம் விடலாம்னு பாக்க. கம்பி சரியா கட்டியிருக்கான்னு பாக்க மாட்டாரு.

இன்னொண்ணு, இப்ப ஆக் வேல்யுவேஷன்ல (விவசாய நிலத்துக்கான வரிக் குறைப்பு) இருக்குன்னா வீடு கட்டற இடத்துக்கு அது போயிரும், 3 வருஷ ரோல்பேக் டாக்ஸ், அதாவது குறைச்சுக் கட்டின பழைய வரி பாக்கி, வரும். அதை யார் கட்டறதுன்னு கான்ட்ராக்ட்ல எழுதிருங்க.

கரிசக்காட்டான்:
அப்டேட். லீவு போட்டுட்டு நேர்லயே போனேன். போன்ல சிரிச்ச அதே அம்மா. பனங்கிழங்கு அக்கா சொன்ன மாதிரி ஐடிய நீட்டி செப்டிக் அப்ளிகேஷன் எடுத்துப்பீங்களான்னு கேட்டேன், கம்ப்யூட்டர்ல பாத்துட்டு முகம் மாறிப்போச்சு. 38 ஏக்கர்ல இருந்து 2022ல நாலு துண்டா வித்திருக்காங்க, பிளாட் கிடையாது, பிளாட் வராம அப்ளிகேஷன் வாங்க மாட்டோம்னுட்டாங்க. ஏஜென்ட்டுக்கு சொன்னா "எல்லாரும் இப்படித்தான் விக்கிறாங்க"ங்கிறாரு. ரோல்பேக் பேச்சு இன்னும் எடுக்கவே இல்ல.

விக்கிறவரே பிளாட் பண்ணி குடுத்தாத்தான் குளோசிங், அதாவது கிரயம்னு எழுதி கேட்டிருக்கேன், ஆப்ஷனையும் 30 நாள் நீட்டச் சொல்லி. இன்னும் 4 நாள் இருக்கு, பதில் வரல.

பனங்கிழங்கு:
பதில் வராட்டி 4ஆம் நாள் சாயங்காலம் 5 மணிக்குள்ள டெர்மினேஷன் நோட்டீஸ் எழுத்துல போயிரணும், போன்ல சொல்றது செல்லாது. ஆப்ஷன் ஃபீ (அந்த அவகாசத்துக்கு குடுத்த காசு) போகும், எர்னெஸ்ட் மணி (அட்வான்ஸ்) திரும்பி வரும். இப்பவே டைப் பண்ணி வச்சுக்கோங்க.