மறு: ‘மைக்ரோபோனிக்’ வால்வைத் தமிழில் எப்படிச் சொல்வது? என் வாக்கு ‘தட்டொலி’க்கு

குழும நண்பர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வணக்கம். ஆம்ப்ளிஃபையரில் சமிக்ஞையைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்தான் வால்வு. தட்டினாலோ அதிர்ந்தாலோ அது ஸ்பீக்கரில் ஒலி எழுப்பும் குறையை ஆங்கிலத்தில் ‘மைக்ரோபோனிக்’ என்கிறார்கள்.

பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களைப் புதுப்பிப்போருக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், ‘மைக்ரோபோனிக்’ என்பதற்கு நேராக ‘ஒலிவாங்கித்தன்மை’ என்று ஏற்றப்பட்டிருக்கிறது. அது அச்சுக்குப் போவதற்கு முன் தடுத்துவிட வேண்டும் என்பதற்காகவே இந்த மடல். மாற்றாக ‘கணகணப்பு’, ‘நடுக்கொலி’, ‘அதிர்வேற்பு’ ஆகிய சொற்கள் குழுமத்தில் வந்திருக்கின்றன, நான் சொல்வது ‘தட்டொலி’. பட்டியலில் வேறு எந்தச் சொல் பிசகினாலும் வாசிப்பவர் சமாளித்துக்கொள்வார். இது பிசகினால் நல்ல வால்வைக் கழற்றி வைத்துவிட்டுக் கெட்டதை மாட்டுவார்.

வால்வா, குழலா என்ற சச்சரவை நீட்ட வேண்டாம். பாடநூல்களில் ‘வெற்றிடக் குழாய்’ இருக்கிறது, இருக்கட்டும். அமெரிக்கர்கள் டியூப் என்கிறார்கள், மொரீசியஸில் பிரெஞ்சு வழக்கில் லாம்ப் என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் வானொலி பழுதுபார்த்த நம் பெரியவர்கள் வால்வு என்றே சொன்னார்கள். 1904இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிளெமிங் இரண்டு மின்வாய்கள் கொண்ட கருவியைச் செய்தபோது அவரும் அதற்கு வால்வு என்றே பெயர் வைத்தார், மின்னோட்டத்தை ஒரே திசையில் விடுவதால். வால்வு போதும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மேசையில் இப்போது 1960களில் செய்த வாக்ஸ் ஏசி30 கிட்டார் ஆம்ப்ளிஃபையர் ஒன்று திறந்து கிடக்கிறது. கல்யாண மேடைகளில் பாட்டுக் குழுவோடு அலைந்த பெட்டி. இறுதிநிலையில் நான்கு இஎல்84 வால்வுகள், மின்வழங்கியில் ஒரு ஜிஇசட்34, முன்வரிசையில் இசிசி83கள். இரண்டு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்களும் இதே மரப்பெட்டிக்குள் இருக்கின்றன. ஒலியளவைக் கூட்டி வைத்துவிட்டு, முதல் இசிசி83இன் கண்ணாடியை மரக்குச்சியின் நுனியால் மெல்லத் தட்டினேன். ஸ்பீக்கரிலிருந்து ‘ணங்’ என்று ஓர் ஒலி கிளம்பி, சற்று இழுத்து அடங்கியது. கிட்டார் மாட்டப்படவே இல்லை.

உள்ளே நடப்பது இது. நடுவில் சூடேறும் எதிர்மின்வாய் நிற்கிறது. அதைச் சுற்றி மயிரிழை போன்ற கம்பி சுற்றப்பட்டிருக்கிறது, அதுதான் கிரிட். வெளியே நேர்மின்வாய்த் தகடு. கிரிட்டுக்கும் எதிர்மின்வாய்க்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. கம்பி துடித்தால் இடைவெளி மாறுகிறது, இடைவெளி மாறினால் எலக்ட்ரான்களின் ஓட்டம் மாறுகிறது. அந்த மாற்றம் கிட்டார் தந்ததா, கம்பியின் துடிப்பு தந்ததா என்று அடுத்த நிலைக்குத் தெரியாது, இரண்டையும் பெருக்கி அனுப்பிவிடும். இசிசி83இன் பெருக்கக் காரணி 100. அதனால் ஒரு நூலளவு துடிப்பும் பெரிதாகக் கேட்கிறது.

இதற்குப் போய் ‘ஒலிவாங்கித்தன்மை’ என்றால் என்ன புரியும்? தமிழில் ஒலிவாங்கி என்பது மேடையில் பாடகர் முன் நிற்கும் கருவி, நாம் விரும்பி வைப்பது. ‘ஒலிவாங்கித்தன்மை உள்ள வால்வு’ என்று படிப்பவர், மைக்கோடு சேர்த்துப் பயன்படுத்த ஏற்ற வால்வு என்றுதான் எண்ணுவார். இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை என்று நினைப்பவர்கள் இஎஃப்86 என்ற வால்வைப் பாருங்கள். ஒலிப்பதிவுக் கருவிகளிலும் மைக் முன்நிலைகளிலும் இரைச்சல் குறைவு என்று பெயர்பெற்ற பென்டோடு, அதாவது ஐந்து மின்வாய் வால்வு, அது. அதே வால்வை ஏசி30இன் சிறிய வடிவமான ஏசி15இலும் தொடக்க கால ஏசி30இலும் ஸ்பீக்கரோடு ஒரே பெட்டிக்குள் வைத்தபோது, அதிர்வு தாங்காமல் ஒலிக்கத் தொடங்கியது. பிறகு வந்த ஏசி30களில் அதன் இடத்தை இசிசி83 பிடித்துக்கொண்டது. ஆக, மைக்குக்கு நல்ல வால்வும் ‘மைக்ரோபோனிக்’ தொல்லை தரும் வால்வும் ஒன்றாகவே இருக்கக்கூடும். இரண்டையும் ஒரே வேரிலிருந்து பெயரிட்டால் வாசகரைப் படுகுழியில் தள்ளுகிறோம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா ‘கணகணப்பு’ என்று எழுதியிருந்தார். காதுக்கு இனிமையான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து, கணீரென்றால் வாங்குகிறோம், பொத்தென்றால் வைத்துவிடுகிறோம். தமிழ்க் காதில் கணீர் என்பது முழுமைக்கு அடையாளம். வால்வில் நேர்மாறு, கணீரென்றால் ஒதுக்க வேண்டும். குறையைப் புகழ்ச்சிச் சொல்லால் அழைத்தால் வாங்குபவரின் கை தவறான பக்கம்தான் போகும்.

‘நடுக்கொலி’யும் ஆகாது. ஏசி30இலேயே ஒலியளவை ஏற்றி இறக்கி நடுங்கவைக்கும் டிரெமொலோ சுற்று தனியாக இருக்கிறது. நடுக்கம் என்ற சொல்லை அதற்கு ஒதுக்கிவைப்பதுதான் நியாயம்.

‘தட்டொலி’யை நான் விரும்புவதற்குக் காரணம், சோதனையும் விளைவும் சொல்லுக்குள்ளேயே இருப்பது. தட்டு, ஒலி கேள். இங்கே பிள்ளைகள் வார இறுதியில் கோயில் வகுப்புகளில் தமிழ் எழுத்துப் படிக்கிறார்கள், வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறார்கள். அவர்கள் கையில் நாம் கொடுக்கும் சொல்லுக்கு உரையாசிரியர் தேவைப்படக் கூடாது. வினையாகவும் இது வளைந்துகொடுக்கிறது: ‘இந்த வால்வு தட்டொலிக்கிறது’. ‘மெல்லிய தட்டொலி’, ‘கடும் தட்டொலி’ என்று அளவும் சொல்லலாம். அளவு முக்கியம், ஏனென்றால் ஒலியளவைக் கூட்டிவைத்த நிலையில் நல்ல இசிசி83இலும் மெலிதாக ஒரு ‘டிக்’ கேட்கத்தான் செய்யும். அதற்காக வால்வை மாற்றத் தேவையில்லை.

வால்வு ஆம்ப்ளிஃபையரின் நோய்களைப் பிரித்துச் சொல்ல நம் மொழியில் ஒலிச்சொற்கள் ஏராளம். அவற்றைப் பட்டியலில் ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தொடர்ந்து அடிநாதமாகக் கேட்பது உறுமல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் உறுமலும் 50 ஹெர்ட்ஸில் இருந்தால் எதிர்மின்வாயைச் சூடேற்றும் ஹீட்டரின் வயர் பக்கமோ வால்வின் உள்கசிவையோ பார்க்க வேண்டும், 100 ஹெர்ட்ஸில் இருந்தால் மின்வழங்கியின் வடிகட்டிக் கண்டென்சர்களைப் பார்க்க வேண்டும். ‘ஸ்ஸ்ஸ்’ என்று மணலைச் சலிப்பதுபோல் வருவது இரைச்சல். விட்டு விட்டு வருவது கரகரப்பு. டர்பன் கடற்காற்றில் வால்வின் ஊசிகளும் சாக்கெட்டும் மங்கிப்போகின்றன, கரகரப்பில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. வால்வைத் தட்டும்போது ‘கர்ர்’ என்றால் ஆம்ப்ளிஃபையரை அணைத்துச் சாக்கெட்டைத் துடையுங்கள், ‘ணங்’ என்றால்தான் தட்டொலி. தட்டாமலே ஸ்பீக்கரின் அதிர்வு வால்வைத் துடிக்கவைத்து, அந்தத் துடிப்பு மறுபடி ஸ்பீக்கருக்குப் போய், சுற்றிச் சுற்றி வளர்ந்தால் அது ஊளை. தட்டொலி முற்றினால் ஊளை.

வால்வு தேர்ந்தெடுப்பவருக்கு இந்தச் சொல் எங்கே உதவும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய கையிருப்பு வால்வுகளை விற்பவர்கள் ‘சோதித்தது’ என்று எழுதி, சோதனைக் கருவியின் எண்ணையும் போடுகிறார்கள். வழக்கமான சோதனைக் கருவி உமிழ்வையும் கடத்துதிறனையும்தான் அளக்கிறது. நூற்றுக்கு நூறு வாங்கிய வால்வும் பெட்டிக்குள் வைத்ததும் ‘ணங்’ என்னும், எனக்கு அப்படி வந்திருக்கிறது. எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘தட்டொலி உண்டா?’ என்பதுதான். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் செய்த பழைய முல்லார்டு நிறுவன வால்வுக்குப் பெரிய விலை கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். இன்று அதே முல்லார்டு பெயர் ரஷ்யாவில் செய்யும் வால்வுகள்மீதும் இருக்கிறது, பெட்டியைப் பார்த்து ஏமாறக் கூடாது. 1950களின் நீளத் தகடு இசிசி83களின் ஒலியைப் பலர் கொண்டாடுகிறார்கள். ஆனால் நீளத் தகடு குட்டைத் தகட்டைவிட எளிதில் தட்டொலிக்கும். தனிப்பெட்டி ஸ்பீக்கர் வைத்திருப்பவர் அதை வாங்கட்டும். ஏசி30 போன்ற ஒரே பெட்டிக்குக் குட்டைத் தகடுதான் என் பரிந்துரை.

முதல் நிலைக்கு மிகவும் அமைதியான வால்வை வையுங்கள். அதற்குப் பின்னால் உள்ள எல்லா நிலைகளும் அதன் குறையைப் பெருக்கும். கொஞ்சம் தட்டொலி உள்ள வால்வைக் குப்பையில் போட வேண்டாம், சமிக்ஞையை இரண்டாகப் பிரித்து இஎல்84களுக்கு அனுப்பும் இடத்தில் அது நன்றாகவே உழைக்கும். அங்கிருந்து மேலே பெருக்கம் குறைவு. இஎல்84 நான்கையும் ஒத்த ஓட்டம் உள்ளதாகத் தேர்ந்தெடுப்பது வேறு கதை, அதற்கு ‘இணைதேர்வு’ என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

குச்சி மரமாகவே இருக்கட்டும், பென்சில் வேண்டாம். பென்சிலின் உள்ளே உள்ள கரி மின்சாரம் கடத்தும், உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது.

அன்புடன்,
டர்பனிலிருந்து

—

மொரீசியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து மறுமொழி:

தம்பிக்கு ஆசிகள். ‘ஒலிவாங்கித்தன்மை’யை எடுத்துவிடலாம், அதில் எனக்குத் தடையில்லை. ஆனால் ‘தட்டொலி’ என்பது சோதனையில் கேட்கும் ஒலிக்குப் பெயர். வால்வின் குணத்துக்குப் பெயர் எங்கே? யாரும் தட்டாதபோதும் அந்தக் குணம் வால்வில் இருக்கிறது அல்லவா? அதனால்தான் முன்பே ‘அதிர்வேற்பு’ என்றேன். அதிர்வை ஏற்று மின்மாற்றமாக ஆக்குவது என்ற இயற்பியல் அதில் சரியாக வருகிறது. இன்னொன்றும் யோசியுங்கள். செராமிக் கண்டென்சரிலும் இதே குணம் உண்டு, கிட்டார் கேபிளிலும் உண்டு. வால்வுக்கு மட்டும் பொருந்தும் சொல்லாக முடங்கிவிடக் கூடாது.

—

டர்பனிலிருந்து:

ஐயா, தங்கள் கேள்வி நியாயமானது, அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

குணத்துக்கு அது வெளிப்படும் விதத்தால் பெயரிடுவது தமிழுக்குப் பழக்கமானதுதான். மாலைக்கண் என்கிறோம். அந்தக் குறை பகலிலும் கண்ணில் இருக்கிறது, தெரியவருவது மாலையில். வலிப்பும் அப்படித்தான், கக்குவானும் அப்படித்தான். யாரும் பெயர் தவறு என்று சொன்னதில்லை.

வால்வோடு நின்றுவிடும் என்ற கவலையும் வேண்டாம். செராமிக் கண்டென்சரை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? குச்சியால் தட்டித்தான். கேபிளைத் தரையில் தட்டினால் ‘டப் டப்’ என்று ஸ்பீக்கரில் கேட்கிறது. தாங்கள் குறிப்பிடாத இன்னொன்று, கம்பிகளின் துடிப்பை மின் சமிக்ஞையாக்கும் கிட்டாரின் பிக்கப். அதன் சுருள் இறுக்கமாக இல்லாவிட்டால், மேல்மூடியை நகத்தால் தட்டியதும் ஒலி வரும். அதற்காகத்தான் பிக்கப்பை உருகிய மெழுகில் தோய்த்தெடுக்கிறார்கள். எல்லாவற்றிலும் சோதனை ஒன்றே என்பதால் சொல்லும் ஒன்றே போதும். பிக்கப்பில் சிறிதளவு தட்டொலி இருந்தால் வாசிப்புக்கு உயிர் வருகிறது என்று வேண்டுமென்றே மெழுகு போடாமல் விடுபவர்களும் இருக்கிறார்கள். ‘தட்டொலி’ பழிச்சொல்லாக இல்லாமல் நடுநிலையாக இருப்பது அங்கேயும் வசதி.

‘அதிர்வேற்பு’ இயற்பியல் விளக்கத்தில் வரட்டும், அதை நான் எதிர்க்கவில்லை. தலைச்சொல்லாக மட்டும் வேண்டாம். கட்டடம், பாலம், காது எல்லாமே அதிர்வை ஏற்கின்றன. ஸ்பீக்கரில் கேட்கும் ஒலி அந்தச் சொல்லில் இல்லை.

அக்காவும் தாங்களும் இசைந்தால் பதிவை இப்படி ஏற்றிவிடலாம்:

தட்டொலி (பெயர்): வால்வு, பிக்கப், கேபிள், கண்டென்சர் முதலியவற்றின் உட்பகுதி அதிரும்போது அந்த அதிர்வு மின் சமிக்ஞையாக மாறி ஸ்பீக்கரில் கேட்பது, அவ்வாறு கேட்கச் செய்யும் அதிர்வேற்புக் குணம். வினை: தட்டொலி-த்தல். ஒப்பிடுக: ஊளை, கரகரப்பு.

‘கணகணப்பு’ என்ற அக்காவின் சொல்லை வேறோர் இடத்துக்கு எடுத்துவைத்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபையரில் ஸ்பிரிங் எதிரொலிக் கருவியை ஆட்டினால் வரும் ஒலிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.