ஸ்டைன்வே குடும்பம்: நியூயார்க் நண்பர்கள் உதவுங்களேன்

வணக்கம். ஹைன்ரிக் ஸ்டைன்வெக் (அமெரிக்கா போனபின் ஸ்டைன்வே ஆனவர்) என்ற ஜெர்மானியத் தச்சரைப் பற்றிச் சிறுவர்களுக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸேசன் ஊரில் தன் வீட்டுச் சமையலறையிலேயே 1836இல் ஒரு பெரிய பியானோவைச் செய்து முடித்தவர். 1850இல் மனைவி யூலியானே, பிள்ளைகளோடு நியூயார்க் போனார். ஐம்பது தாண்டிய வயதில், மகன்களோடு சேர்ந்து அடுத்தவர் பட்டறையில் சம்பளத்துக்கு உழைத்திருக்கிறார்! 1853இல்தான் ‘ஸ்டைன்வே அண்ட் சன்ஸ்’ என்ற சொந்தப் பியானோ கம்பெனி. 1865இல் ஹென்றி, சார்லஸ் என இரண்டு மகன்களையும் பறிகொடுத்தார்கள். அந்த இடத்தில் எனக்கு எழுத்தே ஓடவில்லை.

இன்னொரு மகன் வில்லியம் 1861 முதல் எழுதிய நாட்குறிப்பு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக இணையதளத்தில் கிடைக்கிறது. படித்தவர்கள் யாராவது, தாய் யூலியானே வரும் பக்கங்களைச் சொல்ல முடியுமா? நியூயார்க்கில் அஸ்டோரியா பக்கம் இருப்பவர்கள், ஸ்டைன்வே குடும்பத்தார் தங்கள் தொழிலாளர்களுக்குக் கட்டிய செங்கல் வீடுகளைப் படமெடுத்து அனுப்பினால் பெரிய உதவி.