நெட் ஸீரோ செலவைப் பற்றி பிரிட்டன் பாராளுமன்றத்தில் யார் கேள்வி கேட்கிறார்கள்?

வெண்மதி:
வணக்கம் நண்பர்களே. பிரிட்டனில் 2050க்குள் நெட் ஸீரோ, அதாவது காற்றில் கலக்கும் வெப்பமூட்டும் வாயுவும் திரும்ப நீக்கும் வாயுவும் சமமாகும் நிலை, என்பதைச் சட்டமாக்க பாராளுமன்றக் கீழவையான காமன்ஸ் சபை எடுத்துக்கொண்டது ஒன்றரை மணி நேரம்தான் என்று படித்தேன், 2019 ஜூன் 24 அன்று, அதுவும் வாக்கெடுப்பே இல்லாமல். அதே மாதம்தான் அப்போதைய நிதியமைச்சர் பிலிப் ஹாமண்ட், இதற்கு ஒரு லட்சம் கோடி பவுண்டுக்கு மேல் செலவாகும் என்று பிரதமர் தெரசா மேக்குக் கடிதம் எழுதியிருந்தார். நான் இலக்கை எதிர்ப்பவள் இல்லை, அது வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டார்களே என்று மனசு உறுத்துகிறது. செலவுக் கணக்கை எம்.பி.க்கள் எங்கே, எப்போது பார்க்கிறார்கள்? பார்க்கிறார்களா?

தென்றல்_77:
அது ஏன் ஒன்றரை மணி நேரம் என்றால், 2019இல் வந்தது புதுச் சட்டமே இல்லை. 2008 காலநிலை மாற்றச் சட்டத்தில் இருந்த, வாயு வெளியேற்றத்தை 80 சதவீதம் குறைப்பது என்ற இலக்கை 100 என்று மாற்றும் ஓர் ஆணை, அவ்வளவுதான். அந்த மாதிரி ஆணைக்கு சபையில் பொதுவாக ஒன்றரை மணி நேரம்தான் ஒதுக்குவார்கள். எம்.பி.க்கள் அதில் ஒரு வார்த்தையைக்கூடத் திருத்த முடியாது, ஏற்கலாம் அல்லது தள்ளலாம். மூலச் சட்டமும் 2008இல் 463க்கு 3 என்ற கணக்கில் நிறைவேறியதுதான், அதனால் எதிர்க்கட்சி உட்கார்ந்து குடைந்து கேள்வி கேட்கும் நிலைமை ஆரம்பத்திலிருந்தே இல்லை. எல்லாரும் ஒத்துப்போகிற விஷயத்தில்தான் கணக்குப் பார்க்க ஆள் குறைவாக இருக்கும் என்பது என் எண்ணம்.

அப்புறம் கார்பன் பட்ஜெட். ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் பிரித்து, நாடு எவ்வளவு கார்பன் வெளியிடலாம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சட்டமாக்குவார்கள். 2033 முதல் 2037 வரைக்கான ஆறாவது பட்ஜெட் 2021இல் நிறைவேறியது. காமன்ஸில் அதற்குக் கிடைத்தது வெறும் 17 நிமிடம் என்று அப்போதைய பிரதமர் ரிஷி சுனக்கே 2023 செப்டம்பரில் பேசினார். அவர் அந்தப் பேச்சில் பெட்ரோல் கார் தடையைத் தள்ளிப்போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இலக்கையும், அதை அடையும் திட்டத்தையும் பாராளுமன்றம் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது நியாயம்.

கணக்குப்பிள்ளை:
ஹாமண்ட் சொன்ன தொகையைப் பற்றி ஒரு விஷயம். அதை வைத்து நிறைய பேர் பயமுறுத்துகிறார்கள், கவனமாக இருங்கள். அதில் செலவு மட்டும் இருக்கிறது, மிச்சமாவது இல்லை. அரசின் நிதிநிலையைச் சுதந்திரமாகக் கணிக்கும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் 2021இல் போட்ட கணக்கைப் பாருங்கள்: 2050 வரை முதலீடு சுமார் 1.4 லட்சம் கோடி பவுண்டு, எரிபொருள் மாதிரியான செலவுகளில் மிச்சமாவது சுமார் 1.1 லட்சம் கோடி. இரண்டையும் கழித்தால் நிகரச் செலவு 0.3 லட்சம் கோடி சொச்சம். அந்த நிகரத் தொகையும் சின்னது இல்லைதான். ஆனால் முதல் எண்ணை மட்டும் சொன்னால் ஒரு படம் தெரியும், கடைசி எண்ணை மட்டும் சொன்னால் வேறு படம் தெரியும்.

அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. எல்லாரும் மின்சாரக் காருக்கு மாறினால் அரசுக்கு பெட்ரோல், டீசல் வரி போய்விடும். அரசு கஜானாவுக்கு நீண்ட காலத்தில் விழும் பெரிய அடியே அதுதான். அந்தப் பணத்தை வேறு எங்கிருந்து எடுப்பார்கள் என்பதை ஓர் எம்.பி. எழுந்து கேட்டால் அதுதான் உண்மையான ஆய்வு.

மழைக்காகம்:
வெண்மதி அக்கா, பார்க்கிறார்கள், ஆனால் பணம் போன பிறகு பார்க்கிறார்கள். நான் பட்ட அனுபவம். 2020 செப்டம்பர் கடைசியில் பசுமை வீட்டு மானியம் ஆரம்பித்தார்களே, சுவருக்கு இன்சுலேஷன் போட வவுச்சர் தரும் திட்டம், அதற்கு நான் விண்ணப்பித்தேன். வேலை செய்யும் ஆளைப் பிடிப்பதே பெரும்பாடு. ஒருவழியாக ஒரு நிறுவனம் வந்து அளந்துவிட்டுப் போனது, அதோடு சரி, திரும்ப வரவேயில்லை. 2021 மார்ச்சில் திட்டத்தையே மூடிவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் ஈரச் சுவரோடு இருந்தோம்.

நம் வீட்டில்தான் ஏதோ தவறு என்று நினைத்திருந்தேன். பிறகு, அரசுச் செலவை ஆராயும் எம்.பி.க்கள் குழுவான பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கையைப் படித்தபோதுதான் புரிந்தது. 150 கோடி பவுண்டு ஒதுக்கி, 6 லட்சம் வீடுகள் என்று இலக்கு வைத்தார்கள், கடைசியில் நடந்தது சுமார் 47,500 வீடு. செலவான 31.4 கோடியில் 5 கோடி நிர்வாகத்துக்கே போயிருக்கிறது, அதாவது ஒரு வீட்டுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல். மொத்தத் திட்டத்தையும் 12 வாரத்தில் தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். இதை ஆரம்பிக்கும் முன்பே யாராவது கேட்டிருந்தால், பன்னிரண்டு வாரத்தில் தேர்ந்த ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

வெண்மதி:
எல்லாருக்கும் நன்றி. மழைக்காகம், படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. அப்படியானால் முன்கூட்டியே தட்டிக்கேட்க வழியே இல்லையா?

தென்றல்_77:
ஓரளவு இருக்கிறது. 2022 ஜூலையில் உயர் நீதிமன்றம் அரசின் நெட் ஸீரோ வியூகத்தைச் சட்டவிரோதம் என்றது. கணக்கிடப்பட்ட கொள்கைகள் எல்லாம் சேர்ந்து தேவையான குறைப்பில் 95 சதவீதத்துக்குத்தான் வந்தன, மீதி 5 சதவீதம் எங்கிருந்து வரும் என்று பாராளுமன்றத்துக்கு வைத்த ஆவணத்தில் இல்லை. அரசு திருத்திய திட்டத்தையும் 2024 மே மாதம் நீதிமன்றம் தள்ளியது. எம்.பி.க்கள் கேட்க வேண்டியதை, வழக்குப் போட்ட சுற்றுச்சூழல் அமைப்புகள் நீதிமன்றத்தில் கேட்க வேண்டியிருந்தது என்பதுதான் வருத்தம்.

கணக்குப்பிள்ளை:
இன்னொன்று, பணம் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். கார்பனைப் பிடித்துப் பூமிக்கடியில் சேமிக்கும் திட்டங்களுக்கு 25 ஆண்டுகளில் 2,170 கோடி பவுண்டு வரை தருவதாக அரசு சொல்லியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் பொதுக் கணக்குக் குழு, அதில் முக்கால்வாசி மக்களின் எரிசக்திக் கட்டணத்தில் கூடுதலாகச் சேர்ந்துதான் வரும் என்று எழுதியது. வருமான வரியில் ஒரு பென்னி கூட்டினால் சபையே கலங்கும். கட்டணத்தில் சேர்ந்தால் அந்த அளவுக்குச் சத்தம் வராது, ஏழை வீட்டுக்குத்தான் அது அதிகம் வலிக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது: இந்தக் குழுக்கள் விசாரணை தொடங்கும்போது யார் வேண்டுமானாலும் எழுத்துச் சாட்சியம் அனுப்பலாம், குடிமகனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மழைக்காகம் சொன்ன மாதிரி அனுபவங்கள் அங்கே போக வேண்டும், இங்கே நாம் மட்டும் படித்து என்ன?

மழைக்காகம்:
அனுப்பலாம் என்று தெரியவே தெரியாது. விண்ணப்ப எண், வந்த ஈமெயில் எல்லாம் இன்னும் வைத்திருக்கிறேன்.

வெண்மதி:
நான் என் எம்.பி.க்கு இந்த வாரமே எழுதுகிறேன். ஏழாவது கார்பன் பட்ஜெட், 2038 முதல் 2042 வரைக்கானது, அதைப் பற்றி ஒரே கேள்விதான்: கையைத் தூக்கும் முன் செலவு யார் தலையில் விழும் என்ற கணக்கைக் கேட்டு வாங்கினீர்களா? பதில் வந்தால் அப்படியே இங்கே போடுகிறேன்.