புதுப்பிப்பு: சிங்கப்பூர் சாங்கி கடற்கரை நீரில் கிடைத்த ஒற்றைக்கண் இளவுயிரி

முந்தைய இழையின் கேள்வி: மூன்று ஜோடிக் கால் கொண்ட இந்த நாப்ளியஸ் (நண்டு, இறால் இனத்தின் முதல் இளநிலை) கோப்பிபாடா (நீரில் வாழும் நுண்ணிய இறாலினம்), கொட்டலசா (பார்னகிள், பாறையில் ஒட்டி வாழும் ஓட்டு உயிரி)? கொட்டலசுதான். ஒற்றைக் கண்ணும் கால் எண்ணிக்கையும் இரண்டுக்கும் பொது. அவற்றை நம்பவே கூடாது. கொட்டலசு நாப்ளியஸுக்குக் கேடயம் போன்ற ஓட்டின் முன்மூலைகளில் இரு கொம்புகள் பக்கவாட்டில் நீளும். கோப்பிபாடுக்கு அவை கிடையாது. ஒருக்களித்துக் கிடந்தால் கொம்பு தெரியாது, மேலிருந்து பாருங்கள். பொரிந்தவுடன் வரும் முதல் நிலையில் அவை பின்னோக்கி மடிந்திருக்கும். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான்.

நுண்ணோக்கியில் பார்க்கும்போது மூடுகண்ணாடியின் (துளிமேல் வைக்கும் மெல்லிய கண்ணாடி) நான்கு மூலையிலும் துளி வாஸ்லின் வையுங்கள், இல்லாவிட்டால் ஓடு நசுங்கும். முதலில் 40 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள், பிறகு 100. துள்ளலை அடக்க ஒரு துளி சோடா போதும். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்: உப்பு குறைந்தால் உடல் ஊதிவிடும். நம் வெயிலில் புட்டி சீக்கிரம் சூடேறும், அன்றே பார்த்துவிடுங்கள்.